அக்காவின் வலது கை

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், பண்ணை வயலை நம்பியிருந்த கூலிக்காரத் தெருவில் பிறந்தோம், அக்காவும் நானும். அப்பா பாம்பு கடித்துச் செத்தபின் அம்மா எங்கள் இருவரையும் நடவுக்கு அழைத்துப் போவாள். எனக்கு எட்டு வயதானபோது வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியில் இலவசமாகச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே கூடத்தில் ஒரு பழைய பியானோ இருந்தது. கடல் காற்றில் கம்பியெல்லாம் துரு. நாலைந்து கட்டைகள் அமுக்கினால் எழாது. வாசித்துக்கொண்டே அவற்றைச் சுண்டுவிரலால் தூக்கிவிடப் பழகினேன்.

லீவுக்கு ஊர் வந்தால் நானும் வயலில் இறங்குவேன். ஒரு தடவை விரலிடுக்கெல்லாம் சேற்றில் வெந்து புண்ணாகி, இரண்டு மாதம் பியானோவைத் தொட முடியவில்லை. மடத்து சிஸ்டர் அம்மாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அக்காதான் பதில் சொன்னாள்: “இனிமே அவ பங்கையும் நானே நட்டுடறேன், சிஸ்டர்.”

எனக்குப் பதினைந்து வயதானபோது அறுவடைக் கூலித் தகராறு முற்றியது. சென்னையில் ஏழைகளின் ஆட்சி வந்துவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எங்கள் மிராசுதாரோ வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி, போலீஸ் காவலோடு அறுக்க ஏற்பாடு செய்தார். அவர்களை மறிக்க வீட்டுக்கு இரண்டு பேர் வரப்பில் போய் நிற்க வேண்டும் என்று விவசாயக் கூலிகள் சங்கத்தில் முடிவானது. அம்மா காய்ச்சலில் கிடந்தாள். நான் அப்போது லீவில் வந்திருந்தேன்.

“நீ வராத. தடி பட்டா கை போயிடும்” என்றாள் அக்கா.

“அப்ப உன் கை?”

“என் கை எங்க போவுது? கதிர் அறுக்கத்தானே.”

கொண்டையை முடிந்துகொண்டு இறங்கிப் போனாள். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது.

பொழுது உச்சிக்கு வருமுன் அவளை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். தலையைக் காக்க வலது கையைத் தூக்கியிருக்கிறாள். தடி மணிக்கட்டில் விழுந்திருக்கிறது. கைது செய்துவிடுவார்கள் என்று பயந்து மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எலும்பு கோணலாகக் கூடியது. சில வாரத்தில் பேச்சுவார்த்தை நடந்து கூலி கொஞ்சம் ஏறியது. அந்தக் கூலிக்கு அக்காவால் போக முடியவில்லை. விரல்கள் அரிவாள் பிடியளவுக்கு மடங்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அவள் காபித் தம்ளரை இடது கையால் நீட்டியதைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான். பிறகு அவள் ஆடு மேய்த்தாள்.

நான் பியானோ படிக்கச் சென்னைக்குப் போனேன். அங்கிருந்து உதவித்தொகையில் ஜெர்மனி. பரிசுகள் வந்தன, கச்சேரிகள் வந்தன. பல வருடம் கழித்துச் சென்னையில் வாசித்தபோது அக்காவை வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தேன். முடிந்ததும் மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு வந்து, என் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“அன்னிக்கு நானும் வந்திருக்கணும்க்கா” என்றேன்.

“வந்து? ரெண்டு பேரு கையும் போயிருக்கும்.” என் கைகளை விட்டுவிட்டாள். “ஆனா ஒரு பேச்சுக்காவது நானும் வரேன்னு சொல்லியிருக்கலாம்டி நீ.”

மறுநாள் காலை ரயிலுக்கே கிளம்பிவிட்டாள்.

இரண்டு வருடத்தில் மஞ்சள் காமாலை கண்டு இறந்தாள். நான் வெளிநாட்டுக் கச்சேரிகளுக்கு நடுவில் இருந்தேன். ஊர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

“அவ படுத்தப்பவே ஏம்மா எனக்கு எழுதல?”

“அவதான் வேணாம்னா. உனக்குக் கை நடுங்கிடும்னா.”

அதற்குப் பிறகும் பதினொரு வருடம் மேடையேறினேன். கை ஒரு நாளும் நடுங்கவில்லை.