எண்ணிப் பார்த்தவர்

கன்சல்டிங் நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வில் என் பக்கத்தில் ஒரு மாணவர் உட்கார்ந்திருந்தார். இரவல் கோட்டு, கண்ணில் படுவதையெல்லாம் உதடசைத்து எண்ணும் பழக்கம்.

எங்கள் இருவருக்கும் ஒரே கேள்வி: பழவங்காடி கணபதி கோயிலில் ஒரு நாளில் எத்தனை தேங்காய் உடைக்கிறார்கள்? விடையைவிட அதற்கு வரும் வழிதான் முக்கியம் என்று படித்திருந்த நான், ஊர் மக்கள்தொகையில் தொடங்கி ஏதோ ஓர் எண்ணைச் சொன்னேன்.

அவர் வெளியே வந்து மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "கோயில் முன்னாடி எங்க கடை அல்லே, ஒருநாள் முழுக்க நின்னு எண்ணியிருக்கேன். அதையே சொன்னேன், கேட்டோ. சிரிச்சிட்டாங்க."

வேலை எனக்குக் கிடைத்தது. இத்தனை வருடமாக, போய்ப் பார்க்காத கடைக்கும் துறைமுகத்துக்கும் கணக்குச் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது.

அவர் சொன்ன எண் என்னவென்று அன்று நான் கேட்கவே இல்லை.