பெயிண்ட் ஒட்டாத நாலு விரல்

சீட்டக்கா என்ற பெயரைக் கேட்டுவிட்டுப் புதிதாக வருகிறவர்கள், அவள் சீட்டாட்டத்தில் கெட்டிக்காரி என்றுதான் நினைப்பார்கள். வந்து பார்த்தால் பட்டறையின் பின்னறையில், ஜன்னலை ஒட்டிய தையல் மெஷினில், ரெக்சினைத் திணித்து மிதித்துக்கொண்டிருப்பாள். பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு சீட் தைப்பது அவள் வேலை. கணவரும் கொழுந்தனும் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளை வாங்கி வந்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, கேட்கிறவர் விருப்பத்துக்கு மாற்றிக் கட்டி விற்பார்கள். என்ஜின் கணவர் பாடு. வெட்டுவது, பற்றவைப்பது, பேசி விற்பது எல்லாம் கொழுந்தன் பாடு. உட்காருகிற இடம் மட்டும் அவள் பாடு.

இந்த வேலையை அவள் எங்கும் போய்க் கற்கவில்லை. கல்யாணமான புதிதில், வெளியே சீட் தைத்துக் கொடுத்தவன் சொல்லாமல் கொள்ளாமல் கடையை மூடிவிட்டுப் போனான். விலை பேசி முடித்த வண்டி மொட்டையாக நின்றது. தலையணை உறை தைக்கிற மெஷினில் அவளே உட்கார்ந்தாள். ஊசிகள் உடைந்தன. சீட் பார்க்கக் கிழங்கு மூட்டை மாதிரி இருந்தது. ஆனால் அதில் உட்கார்ந்து பார்த்த கணவர் இறங்க மனமில்லாமல் அங்கேயே டீயை வாங்கிக் குடித்தார். அன்றைக்குப் பிடித்த வேலை. வால் எலும்பு எங்கே படும், தொடை எங்கே மரத்துப்போகும், ஃபோம் எங்கே கெட்டியாக வேண்டும், எங்கே இளக வேண்டும் என்று இப்போது ஆள் நடந்து வருவதைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வரும்வரை.

சின்னவள் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் மாதிரி இருந்தாள். கொஞ்ச காலம் டீ கொண்டுவருவதும் பட்டறையைப் பெருக்குவதுமாக வளைய வந்தாள். பிறகு ஒருநாள், மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்து ஒரு டேங்கின் ஓரத்தில் கோடு இழுத்தாள். அடியில் அளவுகோல் இல்லை, ஒட்டுத்தாள் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இழுப்பு. முடிகிற இடத்தில் கொடி நுனி மாதிரி ஒரு சுருள்.

அவ்வளவுதான். கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல். வண்டி வாங்க வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். "யாருங்க இந்தக் கோட்டைப் போட்டது? மெஷின்ல போட்டதா?" என்று வாயைப் பிளந்தார்கள். இத்தனையும் கேட்டது சீட்டின்மேல் சொகுசாக உட்கார்ந்துகொண்டு. சீட்டக்காவின் வயிறு எரிந்தது அதற்குத்தான்.

"கோடு போட்டதும் வண்டி பறக்குதாக்கும்?" என்று வீட்டில் கணவரிடம் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு நல்லாத்தானே போடுது."

"நல்லா இல்லன்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீ சொல்லல. உன் மூஞ்சி சொல்லுது."

ஒருநாள் பட்டறையில் யாரும் இல்லாதபோது, ஓட்டையான பழைய மட்கார்டில் அவளும் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். மழைக்கு வெளியே வந்த மண்புழு மாதிரி வந்தது. அதைக் கழிவு ஃபோம் மூட்டைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கையைக் கழுவினாள்.

ஒரு மத்தியானம் டீ குடிக்கும்போது கொழுந்தன் மெல்ல ஆரம்பித்தான்.

"அண்ணி, ஒன்னு சொல்வேன். கோவப்படக் கூடாது."

"கோவம் வராத மாதிரி சொல்லு."

"நீங்க ஃபோம் அறுக்கறீங்க இல்ல, அந்தத் தூள் பறந்து ஈரப் பெயிண்ட்ல உக்காந்துடுது. காத்து அடங்கி வெளிச்சமும் இருக்கற இடம் அந்தப் பின்னறை ஒன்னுதான். அதை இவளுக்கு விட்டுட்டா..."

"நான் எங்க போறது? கூரைமேலயா?"

"முன்னாடி ஷட்டர் ஓரமா மெஷினைப் போட்டுக்கலாம். சாரல் அடிக்காம தகரம் வெச்சுத் தரேன்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். சின்னவள் தலையைக் குனிந்திருந்தாள்.

"இந்த வண்டி முடியட்டும்" என்றாள் சீட்டக்கா. "என்னால அந்தப் பெயிண்ட்டுக்கு ஒரு கெடுதல் வந்தா, நானே மெஷினைத் தூக்கிட்டுப் போறேன். வரலன்னா அறை என்னோடது. அப்புறம் யாரும் பேச்செடுக்கக் கூடாது."

"இந்த வண்டி" என்பது செங்கல் சூளைக்குப் பின்னால் வருடக்கணக்காகக் கிடந்த கனத்த வண்டி. முதுகுவலிக்காரரான ஒரு மீசைக்கார ஒப்பந்தக்காரர் அதற்கு முன்பணம் கொடுத்திருந்தார். டேங்குக்குக் கரும்பச்சை, அதில் சின்னவளின் வெள்ளைக் கோடு என்பது ஏற்பாடு. சீட்டக்கா ஃபோமை வெளியே சந்தில் வைத்து அறுத்தாள். உடம்பைத் தட்டி, தலையை உதறி, காலைக் கழுவிக்கொண்டுதான் அறைக்குள் நுழைந்தாள். ஒரு தூள் பறக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

சீட் முடிந்த அன்று, ரெக்சின் பளபளக்க பாலிஷ் தடவித் தேய்த்துக்கொண்டிருந்தாள். மற்ற மூவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஜன்னலோரத்தில், உப்புத்தாள் போட்டு இழைத்து, தின்னரால் துடைத்து, பெயிண்ட்டுக்குத் தயாராக டேங்க் நின்றது. அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் போனாள். கையை வைத்தாள். தகரம் என்று சொல்ல முடியாது, குழந்தைக் கன்னம் மாதிரி வழுக்கியது. கோடு வரப்போகிற இடத்தை ஒருமுறை தடவினாள். போதவில்லை, இன்னொருமுறை தடவினாள். பிறகு போய் சீட்டைத் துணியால் மூடினாள்.

சாப்பிட்டுவிட்டு வந்ததும் சின்னவள் பெயிண்ட் அடித்தாள். அடித்த சூட்டிலேயே "ஐயோ" என்றாள்.

டேங்க் முழுக்கப் பச்சை கண்ணாடியாகப் படிந்திருந்தது. ஒரு பக்கவாட்டில் மட்டும், அம்மைத் தழும்பு போலக் குழி குழியாகப் பெயிண்ட் விலகி ஓடியிருந்தது. எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் நிற்காது. அந்தக் குழிகள் கண்டபடி விழவில்லை. நாலு விரலும் உள்ளங்கையின் அடிமேடும் அப்படியே வார்த்து எடுத்த மாதிரி விழுந்திருந்தன. சின்னவள் தன் கையை அதற்கு நேராகக் காற்றில் பிடித்துப் பார்த்தாள். அச்சு பெரியதாக இருந்தது. பிறகு சீட்டக்காவின் கையைப் பார்த்தாள். சீட்டக்கா கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அண்ணனும் தம்பியும் உள்ளே வந்தார்கள்.

"என்ன ஆச்சு?"

"நான்தாங்க" என்றாள் சின்னவள். "சரியாத் துடைக்காம அடிச்சிட்டேன்."

"அட, விடும்மா" என்றார் சீட்டக்காவின் கணவர். "யாருக்கும் வரதுதான். மனசக் கஷ்டப்படுத்திக்காத."

கொழுந்தன் ஓடிப்போய் அவளுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டான்.

சீட்டக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் அறை அவளுடையது. அது அவளுக்குத் தெரியும். ஊசியில் நூல் கோக்கப் போனாள். நூல் ஏறவில்லை. கோடு போட்டாலும் இவளுக்குத்தான் புகழ், கெட்டுப்போனாலும் இவளுக்குத்தான் ஆறுதல். போதாததற்கு, ஆயுசு முழுக்க இவள் போட்ட பிச்சையில் இந்த ஜன்னலோரத்தில் உட்கார வேண்டும்.

"அது என் கை" என்றாள்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"பாலிஷ் கையோட தொட்டேன். வேணும்னு கெடுக்கல. ஆனா தொட்டேன்."

"அதை எதுக்குத் தொட்ட?" என்றார் கணவர்.

"எதுக்குன்னா? வயித்தெரிச்சல்லதான்."

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்து, வந்த வழியே திரும்பிப் போனது. சின்னவள்தான் முதலில் பேசினாள்.

"அக்கா, நான்தான் சொல்லிட்டேனே, நீங்க எதுக்கு..."

"நீ ஒன்னும் என்னைக் காப்பாத்த வேண்டாம். கோடு போடற கை பத்தாதா? பெரிய மனசும் உனக்கே வேணுமா?"

சின்னவளின் முகம் சிவந்தது. "நான் பெரிய மனசுலயா சொன்னேன்? நீங்க திட்டுவீங்கன்னு பயந்து சொன்னேன்."

சீட்டக்கா மெஷினின் சக்கரத்தில் மாட்டியிருந்த வாரைக் கழற்றினாள்.

"அண்ணி, நாம தூளைப் பத்தித்தானே பேசினோம், பாலிஷைப் பத்தி இல்லையே" என்றான் கொழுந்தன்.

"கெடுதல்னுதான் சொன்னேன். வந்தாச்சு. அந்தப் பக்கம் பிடி."

ஷட்டர் ஓரம் அவள் பயந்த மாதிரியேதான் இருந்தது. புழுதி, ஹாரன், போகிற வருகிறவனெல்லாம் வழி கேட்டான். உள்ளே சின்னவள் டேங்கை மறுபடி இழைத்து, மறுபடி துடைத்து, மறுபடி அடித்தாள். கோடும் போட்டாள். சீட்டக்கா எட்டிப் பார்த்தாள். முன்னைவிட அழகாக இருந்தது. அன்று மாலை வரை யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மீசைக்காரர் வந்தார். டேங்கை மூன்று பக்கமும் சுற்றினார். "அடேயப்பா, கோடா இது! கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கே" என்று படம் எடுத்தார். சீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏறி உட்கார்ந்தார், உதைத்தார், கிளம்பினார்.

சீட்டக்கா மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பின்னறையில் இருந்தவரை, தான் தைத்த சீட் ஒன்று தெருவில் போவதை அவள் பார்த்ததே இல்லை. பள்ளம் வந்தது. வண்டி தூக்கிப்போட்டது. மனிதர் இடுப்பைத் தூக்கவில்லை, நெளியவில்லை, முதுகில் கை வைக்கவில்லை. தெருமுனை திரும்பும்வரை பஞ்சு மெத்தையில் சாய்ந்த மாதிரி போனார்.

கையில் தூரிகையோடு சின்னவள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"போயிட்டாரா அக்கா? எனக்கு உள்ளேருந்து பாக்கவே முடியல. எப்படிப் போச்சு?"

"போச்சு" என்றாள் சீட்டக்கா. அதற்குமேல் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.