ஒற்றை சீட்

தாராவியில் எங்கள் சந்துக்குள் ஆட்டோ வராது, பைக் மட்டும்தான் நுழையும். அது தெரிந்தும் அந்தத் தப்பைச் செய்தேன்.

செம்பூரில் ஒரு கட்டடத்தின் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த பழைய ஜப்பான் பைக்கை வாங்கி, ஒரு வருஷம் பாடுபட்டு ஓட வைத்தேன். டிஸ்க் பிரேக், எல்இடி விளக்கு, புது ஹேண்டில்பார் எல்லாம் போட்டேன். அழகுக்காகப் பின்பக்கத்தை அறுத்து ஒற்றை சீட் வைத்தேன்.

"நான் எங்க உக்காருறது?" என்று கேட்டாள் என் மனைவி செல்வி.

"ஒனக்குத்தான் பஸ் இருக்குல்லா" என்று சிரித்தேன்.

ஒரு மழைநாள் மதியம் அவளுக்கு மூச்சிரைப்பு வந்தது. இன்ஹேலரை அடித்தும் அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. அவளைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பைக் பளபளவென்று நின்றது. அதில் அவளை எங்கே உட்காரவைப்பது? சாவியும் கையுமாக மரம்போல் நின்றேன்.

பக்கத்து வீட்டுக்குப் பார்சல் கொண்டுவந்தவர் எங்களைப் பார்த்தார். மூட்டையை அங்கேயே இறக்கிவிட்டுத் தன் பைக்கின் பின்சீட்டைத் தட்டினார். "பைட்டோ பாபி, ஜல்தி!" சீக்கிரம் உட்காருங்க அண்ணி என்று இந்தியில் அவசரப்படுத்தினார்.

ஆஸ்பத்திரிவரை நான் பின்னாலேயே ஓட்டிப் போனேன். வழியெல்லாம் செல்வியின் தலை முன்பின் தெரியாத ஒருவர் முதுகில் சாய்ந்திருந்தது. சரிந்தால் பிடிக்க என் கை எட்டாது.

பிழைத்துக்கொண்டாள். ஆக்ஸிஜன் மாஸ்க்கை எடுத்ததும், "அந்த அண்ணன் பார்சலெல்லாம் நனைஞ்சிருக்கும்லா, பாவம்" என்றாள். அவர் எப்போதோ போய்விட்டிருந்தார். நான் பெயர்கூடக் கேட்கவில்லை.

பைக்கைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் தேவலை.