வண்டும் அந்தும்: மாட்டுங்காவிலிருந்து ஒன்றரை மைல்

பம்பாய்க்கு வருபவர்கள் எலிபண்டா குகைகளுக்குப் படகேறுகிறார்கள். நான் போனது தாராவிக்கு. உலகப் போர் முடிந்த மறு வருடம், மழை விட்டதும், ஒரு வண்டைப் பார்க்கப் போனேன்.

மாட்டுங்காவில் நான் குடியிருந்த வீட்டு மாமாவின் நீலக் கம்பளிக் கோட்டில் ஓட்டைகள். பாத்திரம் தேய்க்கும் செல்லம்மாவின் புருஷன் தாராவித் தோல் கிடங்கில் வேலை செய்தான். "அவ புடவையிலே ஒட்டிண்டு வந்த தோல்வண்டுதான். நாளைலேர்ந்து வரவேண்டாம்" என்று அவளை நிறுத்திவிட்டார் மாமா. கோட்டை உதறிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி வடக்கே அரை மணி நடை. டீ ஓர் அணா. தோல் பதனிடும் உப்பும் ஆவாரம்பட்டையும் கலந்த வாடை முதலில் வரும், பிறகுதான் தாராவி வரும். அன்று மூக்கைப் பொத்தினேன். இன்று நான் குடியிருக்கும் செம்பூரில் காற்று அப்படி வீசினால் நின்றுவிடுகிறேன்.

கிடங்கு வாசலில் செல்லம்மா வண்டு உதிரக் காய்ந்த தோல்களைக் கம்பால் அடித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டு பாக்கவா வந்திய? எங்களப் பாக்க உங்க தெருவுலேர்ந்து ஒரு ஆளு வந்ததில்ல. வண்டு குடுத்து வச்சதுலா!"

"வேலை போச்சே, என்ன செய்யப்போறே?"

"மூணு பிள்ளைய இருக்கு. சும்மா இருக்க முடியுமா?" அடி நிற்கவில்லை. "எத்தன வேணும்? அள்ளிக்கிடுங்க."

தீப்பெட்டியில் கொண்டுவந்து, மாமாவின் முன்னால் கோட்டை உதறினேன். வண்டு உளுந்தளவு. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, தொட்டால் செத்ததுபோல் கிடக்கும். வண்டும் தின்னும், அதன் மயிரடர்ந்த புழுவும் தின்னும். கோட்டிலிருந்து விழுந்ததோ வைக்கோல் நிற அந்துப்பூச்சி. வளர்ந்த அந்து எதையும் தின்னாது. தின்பதெல்லாம் அதன் வெள்ளைப் புழு. மடிப்புக்குள் அந்தப் புழுக்கள் கோட்டின் நீல நூலிலேயே கூடு பின்னியிருந்தன. கல்யாண விருந்தில் சிந்திய நெய்க்கறையைச் சுற்றித்தான் ஓட்டை அதிகம். கம்பளிக்குத் தீட்டு ஒட்டாது என்று வருடக்கணக்காகத் துவைக்காத கோட்டு அது.

"அந்துதான்" என்றார் மாமா. "சரி, வரச்சொல்லு. புடவையை உதறிட்டுக் கொல்லை வழியா வரட்டும்."

மறுபடி நடந்துபோய் நடந்ததைச் சொன்னேன். செல்லம்மா சிரித்தாள். "கோட்ட உதறாதவியளா என் சேலைய உதறச் சொல்லுதாவ? நான் வடாலாவுல வேலைக்கு வேற வீடு பாத்துக்கிடுதேன். வேணும்னா அவியளையே வந்து கூப்பிடச் சொல்லுங்க."

போக நினைப்பவர்கள் காலையில் போங்கள், பழைய செருப்போடு. வண்டுக்குக் கிடங்கு வாசல் போதும். அந்துக்கு எங்கும் போக வேண்டாம், உங்கள் பெட்டியைத் திறந்தாலே போதும்.

மாமா கடைசிவரை அந்த ஒன்றரை மைல் நடக்கவில்லை. நான் செம்பூருக்கு வீடு மாறும்வரை அங்கே பாத்திரம் தேய்த்தது மாமி.