தெற்குப் பக்கம் அடித்த பலகைகள்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நான்கு மார்கழி போய்விட்டது.

சென்ற வியாழக்கிழமை காலை, வீட்டுக்குப் பால் ஊற்றும் மூலக்குளத்துக்காரர் செம்பை நிறைத்துவிட்டுச் சொன்னார்: "கோழிக்கார அஞ்சல செத்துப்போச்சி சார். நேத்து சாயங்காலம் நெஞ்சு வலிக்குதுன்னுச்சாம், அவ்ளோதான்." அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதென்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புதுச்சேரி இந்தியாவோடு இணைந்ததற்கு மறுவருஷம் எங்கள் கால்நடை இலாகா ரெட்டியார்பாளையத்துக்கு மேற்கே ஒரு கோழிப்பண்ணை தொடங்கியது. முதல் நாளிலிருந்தே அங்கே கோழிகளைப் பார்த்துக்கொண்டவர் அஞ்சலையம்மாள். விவசாயக் குடும்பம், கணவர் இல்லை, பிள்ளை இல்லை, எழுத்து வாசனையும் இல்லை. நான் அங்கே எழுத்தர். பிரெஞ்சுப் பள்ளியில் பிரெவே சான்றிதழ் வாங்கியவன், அதனால் அம்மாள் என்னைப் பிரெஞ்சு மரியாதையோடு 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு அந்தப் படிப்பை மதிக்க ஆளில்லை. என்னைவிடப் பத்து வயது இளையவர் எனக்கு அதிகாரியாக வந்தார். அந்தக் கசப்பு எனக்கு இன்றும் உண்டு. வாசிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொண்டே வாசிக்கலாம்.

பெங்களூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய வெள்ளைக் கோழிகளை முதலில் பார்த்தபோது அம்மாள் சிரித்தார். "இதுங்க வெள்ளக்காரிச்சி மாரி இருக்குதுங்க முசியே. நாலு தூறல் போட்டா தும்முங்க."

தும்மத்தான் செய்தன. ஆனால் மூன்று மழைக்காலம், மூன்று பனிக்காலம் அவற்றை அவர் காப்பாற்றினார். வாடை வரும் வடக்குப் பக்கத்துக் கம்பிவலையில் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிடுவார். தரையில் உமியைப் பரப்பி, தினமும் கிளறி, ஈரம் பட்டதை அள்ளி வெளியே போடுவார். காலையில் நொய்க்கஞ்சியில் மிளகைத் தட்டிப் போட்டு வெதுவெதுப்பாக வைப்பார். குஞ்சுகளுக்கு மட்டும் மண்சட்டியில் கரி நெருப்பு. சட்டி உள்ளே இருக்கும்வரை தெற்குப் பக்கத்து வலையை எதுவும் மறைக்கக் கூடாது. "இங்க குளுரு கொல்லாது முசியே. ஈரமும் பொகையுந்தான் கொல்லும்" என்பார்.

பண்ணையின் நான்காவது மார்கழி கடுமையாக இருந்தது. அதிகாரி எங்கிருந்தோ ஒரு பிரெஞ்சுக் கையேட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். பனிக்கட்டி விழும் நாட்டுக்காக எழுதியது. மொழிபெயர்த்துக் கொடுத்தேன். என் படிப்பு கேட்கப்பட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். குளிர்காலத்தில் கொட்டகையை நான்கு பக்கமும் அடைக்கவேண்டும் என்று அதில் இருந்தது. அங்கே நெருப்பு இரும்பு அடுப்பில் எரியும், புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகும் என்பதும் இருந்தது. இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டார்.

தெற்குப் பக்கம் பலகை அடிக்கத் தச்சர் வந்தபோது அம்மாள் குறுக்கே நின்றார். "பலகய அடிச்சா சட்டி வைக்க மாட்டேன் சார்."

"சட்டியும் இருக்கணும், பலகையும் இருக்கணும். படிச்சவங்க எழுதினது. ஒனக்கு என்னா தெரியும்?" என்றார் அதிகாரி.

அவர் என் பக்கம் திரும்பினார். "பொஸ்தகத்துல அப்படியா போட்டிருக்குது முசியே?"

குழாயைப் பற்றி அப்போது நான் சொல்லியிருக்கவேண்டும். அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாம்" என்றேன். அன்று ராத்திரி அம்மாள் சட்டியை உள்ளே வைத்தார்.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது குஞ்சுகள் சட்டியைச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. அம்மாள் உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்து, அலகைப் பிளந்து ஊதிப் பார்த்தார். பிறகு முறத்தில் அடுக்கினார். அழவில்லை. "மூச்சு வுட எடமில்லாம பண்ணிட்டோமே" என்றார். பண்ணிட்டாங்களே என்று சொல்லவில்லை.

விசாரணை நடந்தது. 'அனுமதியின்றிக் கரிச்சட்டியைக் கொட்டகைக்குள் வைத்தேன்' என்று அவர் சொன்னதாக வாக்குமூலம். அதிகாரி சொல்ல நான் எழுதினேன். படித்துக் காட்டும்படி அம்மாள் கேட்கவில்லை. "நீங்கதான எழுதுனீங்க முசியே? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று கட்டைவிரலை மையில் வைத்தார். மறுவாரம் அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். குஞ்சுகளைக் கொன்றவர் என்று ஊரில் பேச்சு. யாரும் அவரைக் கோழி வளர்க்கக் கூப்பிடவில்லை.

வீட்டில் நாலைந்து நாட்டுக்கோழி வைத்து, வில்லியனூர் சாலையில் முட்டை விற்றார். வழியில் பார்த்தால், "என்னா முசியே, எளச்சிப் போயிட்டீங்க, வூட்டுல கஞ்சி ஊத்தறதில்லயா?" என்பார். அவர் திட்டியிருந்தால் இந்த நான்கு வருஷம் எனக்குச் சுலபமாகக் கழிந்திருக்கும்.

வியாழக்கிழமை மத்தியானம் மூலக்குளம் போனேன். தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். வேலியோரம் பஞ்சாரக் கூடை கவிழ்ந்திருந்தது. பனிக்காக முந்தின நாள் போட்ட சாக்கு இன்னும் அதன்மேல் கிடந்தது. வெயில் ஏறியும் திறந்துவிட யாருக்கும் நினைவில்லை. உள்ளே கோழிகள் கேறிக்கொண்டிருந்தன. சாக்கை எடுத்துவிட்டுக் கூடையைத் தூக்கினேன். அவை என் காலைத் தாண்டி ஓடின.

அஞ்சலையம்மாள் குஞ்சுகளைக் கொல்லவில்லை. பலகை அடிக்கச் சொன்னவர் இப்போது இன்னும் பெரிய நாற்காலியில் இருக்கிறார். அம்மா, போய் வாருங்கள். உங்களுக்குப் படித்துக் காட்டாததை இப்போது ஊருக்கு எழுதியிருக்கிறேன்.

நாளைக் காலை இதைப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்ப்பேன். எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அன்று நான் எழுதியதற்குக் கீழே அவருடைய ரேகை இருந்தது, என் பெயர் இல்லை. இதன் கீழேயும் இருக்காது.