பகலில் பூட்டிய தெரு

பூந்தமல்லியில் நசீம் பானு தட்டாத கதவு கிடையாது. வாக்காளர் சீட்டு, கொசு மருந்து, ரேஷன் கார்டு சரிபார்ப்பு என்று அரசாங்கத்துக்கு எப்போதெல்லாம் எதையாவது எண்ணத் தோன்றுகிறதோ, அப்போதெல்லாம் அவள் ஞாபகம் வந்துவிடும். வேலையை நிரந்தரம் ஆக்கும்போதுதான் மறந்துபோகும். குமணன்சாவடியில் பைக் சீட்டுக்கு உறை தைக்கும் அவள் புருஷன் அன்வர் பாஷா, "ஊர்ல கீற தலைய எல்லாம் எண்ற, ஊட்ல ஒருத்தன் பசியோட கீறது மட்டும் கணக்குல வராது" என்பார். அவள் சிரித்துக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அந்த வருடம் வந்த கணக்கெடுப்பு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. முந்தைய வெள்ளத்தில் எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்கள் என்பதற்கு அலுவலகத்தில் கணக்கு இருந்தது. அதில் பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை என்று மேலிடத்தில் கேட்டபோது கையை விரித்தார்கள். செத்த மாடுகளின் கணக்கில்கூடப் பசு தனி, காளை தனியாக இருந்ததாம். அந்த அவமானத்தில்தான், ஒவ்வொரு வீட்டிலும் பகலில் யார் இருப்பார்கள், இரவில் யார் இருப்பார்கள், அதில் பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை என்று தனித்தனியாகக் கேட்டு வரச் சொன்னார்கள். படகு எந்தத் தெருவுக்கு முதலில் போகவேண்டும் என்பது முதல் முகாமில் எத்தனை கழிப்பறை என்பது வரை அதை வைத்துத்தான் முடிவாகும். இத்தனை வருடத்தில் இப்போதுதான் உருப்படியாக ஒன்றைக் கேட்கிறோம் என்று நசீமுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாங்காட்டுப் பக்கம், ஏரியின் உபரிநீர்க் கால்வாயை ஒட்டி ஒரு தெரு. நல்ல உச்சி வெயிலில் அதற்குள் நுழைந்தாள். இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு கதவில் பூட்டு. ஒரு நாய்கூட எழுந்து குரைக்கவில்லை. ஆனால் காற்றில் கறிவேப்பிலை தாளித்த வாசனை இருந்தது. எங்கோ மிக்சி ஓடியது. அவள் செருப்புச் சத்தம் நெருங்கியதும் நின்றுவிட்டது. இன்னும் நாலு வீடு தாண்டியதும், பூட்டுத் தொங்கும் ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து குக்கர் விசில் அடித்தது.

அவளுக்கு மேலே மேற்பார்வையாளர் பரந்தாமன். அவருக்குப் போன் போட்டாள். "பூட்டின ஊட்டாண்ட இன்னாமா வேலை? பூட்டுன்னு போட்டுட்டு அடுத்த தெருவுக்குப் போ" என்று வைத்துவிட்டார். கணக்கெடுப்பு விதியும் அதுதான்.

நசீமால் போக முடியவில்லை. கதவின் மேல் 'மாஷா அல்லாஹ்' என்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, உள்ளே யார் இருந்தாலும் இருக்கட்டும் என்று ஸலாம் சொன்னாள். ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது. சற்று நேரம் பொறுத்து, விரல் அகலம் திறந்திருந்த ஜன்னலிலிருந்து, "வ அலைக்கும் ஸலாம்" என்று ஒரு பெண்குரல் வந்தது. முகம் தெரியவில்லை. உள்ளே இருட்டு மட்டும் இருந்தது.

குரலுக்குப் பெயர் ஷாகிதா. புருஷன் மௌத்தாகி ஒரு மாதம். கணவன் இறந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவில் இருக்கிறாள், வெளியே வரமாட்டாள். மகன் ராஷித் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவள் மட்டும் இல்லை, தெரு முழுக்க அதுதான் வழக்கம். போன வெள்ளத்தில் காப்பாற்ற வந்தவர்கள் போலக் குரல் கொடுத்து ஒரு கூட்டம் பீரோக்களை உடைத்துவிட்டுப் போனது. அதிலிருந்து, தனியாக இருக்கும் பெண்கள் தாங்களாகவே ஆண்களிடம் சொல்லி வெளியே பூட்டிக்கொள்கிறார்கள். அந்நிய ஆண் குரல் கேட்டால் மூச்சுக்கூட விடமாட்டார்கள்.

"பூட்டு தொங்கிச்சுன்னா ஆளு இல்லன்னு போய்டுவான். அதான்மா எங்களுக்குக் காவல். நீ எழுதிட்டன்னா அது போய்டும். எழுதாத தங்கச்சி."

நசீம் யோசித்தாள். அலுவலகத்து விவரங்கள் வாட்ஸப்பில் கண்டவன் கைக்கெல்லாம் போனதை அவளே பார்த்திருக்கிறாள். தனியாக இருக்கும் பெண்களின் வீட்டு எண்களை அதில் ஏற்றுவதா? அதுவும் இத்தாவில் இருப்பவள் கேட்டு மறுப்பதா? எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். தெரு முழுவதற்கும் 'பூட்டிய வீடு' என்று போட்டாள். பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். உதவியா அது? எண்ணத் தெரிந்தவள், எண்ணாமல் விட்டுவிட்டு வந்தாள்.

மழைக்கு முன்பே படகு வரிசை தயாராகிவிட்டது. பகலில் வீட்டில் இருக்கும் பெண்கள் அதிகமுள்ள தெருக்கள் முதலில் இருந்தன. கணக்கின்படி கால்வாய்த் தெருவில் பெண்களும் இல்லை, ஆண்களும் இல்லை. அது கடைசியில் கிடந்தது. பரந்தாமனிடம் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. கொடுத்த வாக்கு அவள் வாயை அடைத்தது.

கார்த்திகையில் ஒரு நாள், மழை விட்டு லேசாக வெயில் அடித்தது. ஆண்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். நடுப்பகலில் ஏரி நிரம்பி, உபரிநீரைத் திறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்து முகாமில் வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்த நசீம், படகில் திரும்பிய பரந்தாமனிடம் கால்வாய்த் தெருவைப் பற்றிக் கேட்டாள். போய்ப் பார்த்தாயிற்று, தொண்டை கிழியக் கத்தியாயிற்று, ஈ காக்கா இல்லை என்றார்.

நசீம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பரந்தாமன் அவளைப் பார்த்த பார்வையை அவள் வாழ்நாளில் மறக்கமாட்டாள்.

"ஆம்பளைக் குரலுக்கு வாயத் தொறக்க மாட்டாங்க சார். என்னக் கூட்டினு போங்க" என்றாள்.

தெருவுக்குள் போனதும் படகின் எஞ்சினை நிறுத்தினார்கள். தண்ணீர் ஜன்னலின் பாதிக்கு ஏறியிருந்தது. பூட்டுகள் முழுகி, கதவுகளின் மேல்பகுதி மட்டும் இரண்டு பக்கமும் தெரிந்தது. சத்தம் என்று எதுவுமே இல்லை. இங்கே ஆள் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"ஷாகிதாக்கா, நான்தான் நசீம்."

மறுபடி கூப்பிட்டாள். இருட்டுக்குள்ளிருந்து, தண்ணீருக்கு வெகு பக்கத்தில், அந்தக் குரல் கேட்டது. "கூட யாரு?"

"தீயணைப்புக்காரங்க மூணு பேரு, எங்க சாரு. நான் கீறேன்க்கா. பயப்படாத."

தண்ணீருக்குள் கையை விட்டுப் பூட்டை நெம்பினார்கள். கட்டிலின் மேல் நின்றிருந்த ஷாகிதாவுக்கு மார்பளவு தண்ணீர். வெள்ளைத் துணியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, நசீமின் கையை மட்டும் பிடித்து ஏறினாள். பல் கிட்டிப்போயிருந்தது. நசீம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் அது கேட்டது. எதிர்வீட்டில், தட்டில் கரண்டியால் யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு கை. பின்னால், தாண்டி வந்த வீடுகளில், கம்பியில் உலோகம் மோதும் சத்தம். பெண்குரல் கேட்டதும் பூட்டிய தெரு முழுவதும் தட்டத் தொடங்கியது. ஒருத்தியும் வாய் திறந்து கூப்பிடவில்லை.

பரந்தாமன், இன்னும் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு பக்கமும் நடந்து எண்ண வந்தவள் அவள்தான். குக்கர் விசில் கேட்ட வீட்டில் நின்றாளே தவிர, மற்றக் கதவுகளில் காதைக்கூட வைக்கவில்லை.

"தெரியாது சார்" என்றாள்.

படகில் இன்னும் நாலு பேருக்குத்தான் இடம் இருந்தது. எந்தப் பக்கம் முதலில் திருப்புவது என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தட்டும் சத்தங்களில் ஒன்று நின்றுபோனது. அது எந்த வீடு என்று யாருக்கும் தெரியவில்லை.