மக்காவ் முகத்தில் இறகு கிடையாது

இன்று வெம்பக்கோட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் ஒரு கூண்டு. உள்ளே சிவப்பு, மஞ்சள், நீலத்தில் ஒரு கிளி.

"மக்காவ் குஞ்சு அண்ணாச்சி, பாரின் கிளி. ஏழாயிரம்பண்ணையில ஒரு வீட்ல கேட்டிருக்காக."

நான் சிவகாசியில் பட்டாசு லேபிள் வரைகிறவன். பிரஸ் மை எனக்குத் தெரியாதா?

"பச்சைக்கிளிக்கு மை அடிச்சிருக்கீக" என்றேன். சிரித்தார்.

கண்ணைச் சுற்றி இறகே இல்லை. வெறும் தோல், அங்கங்கே ரத்தப்பொட்டு.

"மூஞ்சியில என்ன?"

"நான்தான் பிடுங்குனேன். மக்காவுக்கு மூஞ்சியில இறகு கிடையாதுல்லா."

"யாரு சொன்னா?"

பையிலிருந்து ஒரு காலிப் பட்டாசுப் பெட்டியை எடுத்து நீட்டினார்.

அதில் நான் வரைந்த மக்காவ் லேபிள். தென் அமெரிக்கக் காட்டு மக்காவுக்குக் கன்னம் வெறும் வெள்ளைத் தோல்தான் என்று இணையத்தில் தேடிப் படித்து, முழுச் சிவப்பு கேட்ட முதலாளியோடு சண்டை போட்டு, நான் வெள்ளையாக விட்ட முகம்.

"வரைஞ்சவன் விவரமான ஆளு அண்ணாச்சி. அம்புட்டும் கரெக்டா போட்டிருக்கான்."

இத்தனை வருஷத்தில் என் வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு. வரைந்தது நான்தான் என்று சொல்லவில்லை. கிளி சிறகைக் கோதிக் கோதி மையைத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பற்றியும் சொல்லவில்லை. என் ஸ்டாப் வந்ததும் இறங்கிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் இந்த சீசன் லேபிளுக்கு ஆளுக்கொரு படம் சொல்லுங்கள். பிடுங்க எதுவும் இல்லாததாகப் பார்த்துச் சொல்லுங்கள்.